போட்டு வாறன் என்று சொன்ன குற்றம்

அதிர்ஷ்டத்துக்கும் தகுதி வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களத்தையே சேரும். மற்ற நாடுகளில் குலுக்கல் என்றால் பெயரை எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள், யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள், கதை முடிந்தது. இங்கே அப்படி அவசரப்படுவதில்லை. நிரந்தர விசாவுக்கு 'ஃபெயர் கோ' என்ற பெயரில் ஒரு குலுக்கலைத் திணைக்களம் அறிவித்தபோது, கையேட்டின் முதற்பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "வெற்றி பெற அதிர்ஷ்டம் ஒன்றே போதும். அதிர்ஷ்டம் அடையும் தகுதி உங்களுக்கு உண்டா என்பதை நாங்கள் தீர்மானிப்போம்."

இந்தச் செய்தி சிறியின் காதுக்கு வந்தபோது அவன் மெரிலேண்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கொத்துரொட்டி அடித்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னபோது கையில் இருந்த தகடுகளைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குக் கொத்து பெரிய பெரிய துண்டாகவே போனது.

சிறி இலங்கையின் வடக்கே மீசாலைக்காரன். ஒன்பது வருடங்களுக்கு முன் சமையற்காரன் விசாவில் ஒரு உணவகத்துக்கு வந்தான். அவன் கறிச்சட்டிகள் இருக்கும் இடத்தைப் பழகி முடிப்பதற்குள் உணவகம் மூடப்பட்டது. முதலாளி வேறு தொழிலுக்குப் போனார், விசா பறிபோன சிறியின் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. முதலாளியாவது இடைக்கிடை கண்ணில் படுவார், வழக்கு படவேயில்லை. அதற்கு முடிவு வரும்வரை ஒரு இடைக்கால விசா கொடுத்திருந்தார்கள். அந்த விசாவில் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். விரும்பினால் நாட்டைவிட்டு வெளியேயும் போகலாம். திரும்பி வரத்தான் முடியாது.

மனைவி சுஜீவாவும் மகள் வினுஷாவும் மீசாலையில் இருந்தார்கள். அவன் வெளிக்கிட்டபோது வினுஷாவுக்கு நாலு வயது. இப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகிறாள். ஒருமுறை சுஜீவா இங்கே வந்து பார்த்துவிட்டுப் போக விசா கேட்டாள். "உங்கள் கணவர் இங்கே இருப்பதால் நீங்கள் திரும்பிப் போகமாட்டீர்கள்" என்று மறுத்தார்கள். அதே கிழமை சிறிக்கு வந்த கடிதத்தில், "உங்கள் மனைவி அங்கே இருப்பதால் உங்களுக்கு இங்கே வேர் இல்லை" என்று இருந்தது. ஒரே திணைக்களம், ஒரே கையெழுத்து. இப்படிப்பட்டவர்களோடு வாதாட வழக்கறிஞர் போதாது, பூசாரிதான் வேண்டும்.

சிறிக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. ஊருக்குப் போகவேண்டும், மகளைத் தொட்டுப் பார்க்கவேண்டும், திரும்பி வந்து இந்தக் குசினியில் நின்று அவளுடைய படிப்புக்கு உழைக்கவேண்டும். போக வேண்டும், வர வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இருந்த ஒரே வழி நிரந்தர விசா; நிரந்தர விசாவுக்கு இப்போது திறந்திருந்த ஒரே வாசல் இந்தக் குலுக்கல்.

கையேட்டை எடுத்துக்கொண்டு கிரவீனுக்குப் போனான். அங்கே அரியரத்தினம் அங்கிள் இருக்கிறார். இளைப்பாறிய பொறியியலாளர், தமிழ்ச் சங்கத் தலைவர், முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியுரிமைக்காரர். யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவர்தான் வாசித்து விளக்குவார். விளக்கிய பின்பு கடிதம் முன்பைவிடக் கொஞ்சம் கடினமாகியிருக்கும்.

"ஃபெயர் கோ எண்டால் என்ன அங்கிள்?"

"அது இந்த நாட்டின்ர உயிர்மூச்சு தம்பி. ஃபெயர் எண்டால் நியாயம். கோ எண்டால்..." அங்கிள் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "போ."

"நியாயமாப் போ எண்டுதானே சொல்லுறாங்கள்? வா எண்டு எங்கையாவது போட்டிருக்கோ, பாருங்கோ."

அங்கிள் பார்த்தார். எங்கேயும் போட்டிருக்கவில்லை. "நாங்கள் படிப்புக்குப் பொயின்ற்ஸ் எடுத்து முறையா வந்தனாங்கள்" என்று சொல்லிக் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் குலுக்கல், சீட்டு எல்லாம் எங்கட காலத்தில இல்லை."

முதல் நேர்காணல் பரமட்டாவில் நடந்தது. அதிகாரியின் பெயர் கிரெக். நல்ல மனிதர். திணைக்களத்தில் நல்ல மனிதர்களைத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்கள். கெட்ட மனிதர்களாக இருந்தால் ஆட்கள் எதிர்த்துக் கதைப்பார்களே. கிரெக்குக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நாகலட்சுமி இருந்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. "சொன்னதில் எதையும் கூட்டமாட்டேன், எதையும் குறைக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். மேசையின் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பேசுவதையெல்லாம் கேட்டுத் தானே புரிந்துகொண்டு திரையில் எழுதிக்காட்டும் இயந்திரம் அது.

"இந்தக் குலுக்கலில் நீங்கள் வெல்லக்கூடும் என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டார் கிரெக்.

"ஓம்" என்றான் சிறி.

நாகலட்சுமி வாய் திறப்பதற்குள் இயந்திரம் எழுதிவிட்டது: 'விண்ணப்பதாரர் தியானத்தில் இருக்கிறார்.'

கிரெக் உடனே பேனையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நாங்கள் பல்கலாசார நாடு. உங்கள் வழிபாட்டுக்கு இடையூறாக இருக்கமாட்டோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, சிறியைப் பக்கத்தில் இருந்த அமைதி அறைக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு கதிரையும், ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. சிறி செடியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். திரும்பி வந்ததும் கிரெக், "இப்போது தயாரா?" என்று கேட்டார்.

"ஓம், ஓம்" என்றான் சிறி. மறுபடியும் செடி.

இரண்டாம் தரம் வெளியே வந்தபோது நாகலட்சுமி தண்ணீர் எடுக்கும் சாட்டில் நடைபாதையில் நின்றாள். "சார், ஆமான்னு சொல்லுங்க சார். இல்லைன்னா சாயந்திரம் வரைக்கும் சாமி கும்பிட வச்சிருவாங்க."

பிறந்ததிலிருந்து சொல்லிவந்த ஒரு சொல்லை நடைபாதையில் வைத்து மாற்றுவது லேசான வேலை இல்லை. அவன் "ஆ..." என்று தொடங்கி, வாயை அகலமாக வைத்துக்கொண்டு, "...மா" என்று முடித்தான். பல் வைத்தியரிடம் போனவன் மாதிரி இருந்தது. இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் கிரெக் ஏற்றுக்கொள்ளவில்லை. "வெல்வேன் என்று நம்பினால் நீங்கள் குலுக்கலின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கிறீர்கள். நம்பவில்லை என்றால் உங்கள் விண்ணப்பம் உண்மையானதல்ல. இரண்டுமே தகுதியின்மை. ஆகவே யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

சிறி யோசித்தான். "அளவா நம்புறன் சேர். உப்புப் போடுறமாதிரி."

கிரெக்குக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு சமநிலையான பதிலை யாரும் சொன்னதில்லை என்று பாராட்டி, முதற்கட்டத்தில் தேறிவிட்டதாக அறிவித்தார். சிறி அன்றைக்குக் கடைக்குப் போய் எல்லோருக்கும் வடை கொடுத்தான். மீசாலைக்குப் போன் எடுத்து, "அரைவாசி முடிஞ்சுது" என்றான்.

இரண்டாம் நேர்காணல் அரைவாசியின் மற்றப் பக்கம்.

"இந்தக் குலுக்கல் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர்களுக்கு உரியது" என்று கிரெக் ஆரம்பித்தார். "சட்டப்படி, புறப்பாடு என்பது காலால் செய்வது அல்ல, எண்ணத்தால் செய்வது. எனவே உங்கள் புறப்பாட்டு எண்ணத்தை நிறுவவேண்டும். வீட்டைவிட்டு வெளியேறியபோது உங்கள் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது என்ன?"

சிறிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வீட்டு வாசலில், படலையடியில் வான் நின்றது. சுஜீவா வினுஷாவை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் பெட்டியைத் தூக்கினான்.

"என்னத்தைச் சொல்லுறது சேர். போட்டு வாறன் எண்டு சொன்னனான்."

நாகலட்சுமிக்கு அது விளங்கியது. அவளுடைய ஊரிலும் இதே சொல்தான், ஓசைதான் வேறு. ஆனால் சத்தியம் செய்திருக்கிறாள். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. "போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொன்னாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கிரெக்கின் புருவம் உயர்ந்தது. "போனீர்கள். வந்தீர்களா?"

"எங்கை?"

"வீட்டுக்கு."

"எப்பிடிச் சேர் வாறது? நீங்கள் விடேல்லையே."

"நாங்கள் விட்டோமா இல்லையா என்பது வேறு பிரிவின் விடயம். நீங்கள் சொன்ன வேலையில் பாதிதான் நடந்திருக்கிறது. மிஸ்டர் சிறி, நீங்கள் இங்கே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நீங்கள் அங்கிருந்து இன்னும் புறப்படவில்லை என்றுதான் சொல்கிறோம். ஒன்பது வருடமாக நீங்கள் ஒரு சுற்றுலாவின் நடுவில் இருக்கிறீர்கள்."

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் சிறி தன் கையைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். உல்லாசப் பயணிகளுக்கு இப்படி வருவதாகக் கேள்விப்பட்டதில்லை.

"அப்ப என்ன சொல்லியிருக்கவேணும்?"

"போகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும்."

சிறி கதிரையில் நிமிர்ந்துவிட்டான். "சிவ சிவா! போறன் எண்டு சொல்லிப்போட்டு ஆரும் வெளிக்கிடுவினமோ? அது சாகப்போறவன் சொல்லுறது."

நாகலட்சுமிக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. அவள் சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாய் தவறிப் "போறேன்" என்று சொல்லிவிட, அம்மா பின்னலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி சொல்லவைத்துத்தான் அனுப்பினாள். "இது எங்க எல்லாருக்கும் பொதுவான வழக்கம்..." என்று கிரெக்கிடம் தொடங்கினாள். கிரெக் கையைக் காட்டி நிறுத்தினார். "தயவுசெய்து எதையும் கூட்டாதீர்கள்."

முடிவு எழுதப்பட்டது: புறப்பாடு முழுமையடையாதவர், ஆகவே தகுதியற்றவர். கிரெக் வருத்தத்தோடு கைகொடுத்து, "சீ யூ லேட்டர், மேட்" என்றார்.

சிறி நாகலட்சுமியைப் பார்த்தான். "பிறகு சந்திக்கிறன் எண்டு சொல்லுறார். எப்ப எண்டு கேளுங்கோ தங்கச்சி."

அவள் கேட்டாள். கிரெக் சிரித்தார். "ஓ, அது சும்மா ஒரு பேச்சு வழக்கு. இதையெல்லாம் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அவருக்கு விளக்குங்கள்."

அவள் அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அடுத்த கிழமை அரியரத்தினம் அங்கிள் கோட் சூட் போட்டுக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். சிறி பின்னால் போனான். போன வேகத்தைப் பார்த்தால் திணைக்களத்தை இடித்துவிட்டுத்தான் வருவார் போல இருந்தது. "இந்தப் பெடியன் படிக்காதவன். இவன் சொன்ன ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு..." என்று தொடங்கி, முறையாக வந்தவர்களின் பெருமையை நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். கிரெக் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"மிகவும் நன்றி. ஓர் ஆர்வத்துக்காகக் கேட்கிறேன். நீங்கள் புறப்பட்டபோது உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?"

அங்கிள் கோட்டின் பொத்தானைத் தடவினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சிறி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். கறுப்புப் பெட்டி காத்துக்கொண்டிருந்தது.

இப்படித்தான் முப்பது வருடக் குடியுரிமைக்காரர் ஒருவர், தன் சொந்த வாயால், அரை மணித்தியாலத்தில் சுற்றுலாப் பயணியானார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு திணைக்களத்துக்கு ஒரு கேள்வி பிடித்துப்போனால் அது லேசில் விடாது. ஒரு மாதத்துக்குள் கிரவீன், மெரிலேண்ட்ஸ் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கடிதம் வந்தது. டொக்டர், எக்கவுண்டன்ட், பஸ் ஓட்டுபவர் என்று வேறுபாடில்லை. "தாங்கள் புறப்பட்டபோது கூறிய இறுதி வாக்கியத்தைச் சத்தியக் கூற்றாக அனுப்பிவைக்கவும்." அதுவரை சிறியைப் போன்றவர்களைக் கோயிலில் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போன ஆட்கள், இப்போது கடைக்கே தேடிவந்து, "தம்பி, உங்களை என்னென்ன கேட்டவை?" என்று விசாரித்தார்கள். சிறி கொத்து அடித்துக்கொண்டே ஆலோசனை வழங்கினான். ஓம் சொல்லவேண்டாம் என்பது முதல் பாடம்.

சங்க மண்டபத்தில் அவசரக் கூட்டம் கூடியது. இந்தியத் தமிழர்கள் சார்பில் கௌரிசங்கர் என்ற ஐடி மேனேஜர் வந்திருந்தார். "எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராதுங்க. நாங்க போயிட்டு வர்றேன்னு முழுசாக்கூடச் சொல்ல மாட்டோம். கிளம்பும்போது 'வர்றேன்'னு மட்டும்தான் சொல்லுவோம். போறதப் பத்திப் பேச்சே கிடையாது" என்று நம்பிக்கையோடு சொன்னார். அதையே சத்தியக் கூற்றாக எழுதியும் கொடுத்தார். திணைக்களத்தில் அது பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. ஒருவர் வீட்டைவிட்டு வெளியே போகிறார். போகும்போது "வருகிறேன்" என்கிறார். யாரிடம்? எங்கிருந்து? கிரெக்கும் மூன்று மேலதிகாரிகளும் படம் வரைந்து பார்த்தார்கள். இறுதியில், இலங்கைத் தமிழர் இன்னும் புறப்படவில்லை என்றும், இந்தியத் தமிழர் எதிர்த்திசையில் பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் பதிவு செய்தார்கள்.

இருநூறு குடும்பங்களில் தேறியவன் ஒரே ஒருவன்தான். பிரஷாந்தன். அவன் பதினெட்டு வயதில் தகப்பனோடு சண்டை பிடித்து, "நான் போறன், செத்தாலும் இந்தப் படலைக்குள்ள இனிக் கால் வைக்கமாட்டன்" என்று கத்திவிட்டு வந்தவன். இத்தனை காலமும் அவனுக்குக் கிரவீனில் யாரும் பெண் கொடுக்கவில்லை. இப்போது திணைக்களம் அவனை முன்மாதிரிக் குடியேற்றவாசி என்று பாராட்டிச் சான்றிதழ் கொடுத்தது. சங்கமும் வேறு வழியில்லாமல் மாலை போட்டது. மாலையோடு நின்ற அவன் முகத்தில் சந்தோசம் இருக்கவில்லை. தகப்பன் செத்த செய்திக்கும் அவன் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இத்தனை பேரையும் சுற்றுலாப் பயணிகளாக வைத்திருப்பது திணைக்களத்துக்கே சிரமமாகிவிட்டது. வரி கட்டுகிறவர்கள் அல்லவா? ஆகவே 'புறப்பாட்டு நிறைவுத் திட்டம்' பிறந்தது. குடியுரிமை உள்ளவர்கள் ஊரில் உள்ள நெருங்கிய உறவினருக்கு அதிகாரி முன்னிலையில் போன் எடுத்து, "நான் போறன்" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும்.

அரியரத்தினம் அங்கிள் முதலாளாகப் போனார். கோப்பாயில் இருந்த தமக்கைக்குப் போன் எடுத்து, தொண்டையைச் செருமி, "அக்கா, நான் போறன்" என்றார்.

மறுமுனையில் ஒரு ஓலம் எழுந்தது. "ஐயோ என்ர தம்பி! டொக்டர்மார் கைவிட்டிட்டினமோ?"

அங்கிள் விளக்கம் சொல்லப் பார்த்தார். மேலதிக வாக்கியங்கள் புறப்பாட்டைப் பாதிக்கும் என்று கிரெக் எச்சரித்து இணைப்பைத் துண்டித்தார். பொழுது சாய்வதற்குள் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் துக்கம் விசாரித்து அழைப்புகள் வந்தன. யாரோ ஒரு மருமகன் அவசரப்பட்டு இணையத்தில் மரண அறிவித்தலும் போட்டுவிட்டான். படம் நல்ல படம். சட்டப்படி அவர் அன்றைக்குத்தான் அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தார்.

சிறிக்கு இந்தச் சலுகை இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் நேரில் போய் நிறைவேற்றவேண்டும் என்பது விதி. கிரெக் அதை மிகுந்த மனவருத்தத்தோடு வாசித்தார். "நீங்கள் புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பிச் செல்லவேண்டும். அதே நபரிடம், சாட்சி ஒருவர் முன்னிலையில், 'போகிறேன்' என்று சொல்லவேண்டும். அதைப் பதிவுசெய்து கொண்டுவரவேண்டும். இதற்காக ஒரு தடவை வெளியே சென்று திரும்பி உள்ளே வர விசேட அனுமதி வழங்கப்படும். பிறகு நீங்கள் குலுக்கலுக்குத் தகுதி பெறுவீர்கள். கடினம்தான். எனக்குப் புரிகிறது."

நாகலட்சுமி மொழிபெயர்த்தாள். பாதியில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. சிறி அவளை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னான்.

"ஊருக்குப் போகணுமாம் சார். போயிட்டுத் திரும்பி வர விடுறாங்களாம்."

சிறி அழுதுவிட்டான். கிரெக் அவனுடைய தோளில் தட்டி, துணிவோடு இருக்கும்படி சொன்னார்.

மீசாலையில் அவன் படலையைத் திறந்தபோது ஒரு உயரமான பெண்பிள்ளை வாசலில் நின்றாள். போனில் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் போனில் உயரம் தெரியாது. "அப்பா" என்று சொல்லிவிட்டுக் கிட்ட வராமல் நின்றாள். பிறகு வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் திணைக்களத்துக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவன் அங்கே இருந்த மூன்று கிழமையும் சமைத்தான் என்பதை மட்டும் சொல்லலாம். இவ்வளவு காலமும் யாருக்கோ அடித்த கொத்தை மகளுக்கு அடித்தான். "அப்பா, இதுக்குத்தானா அங்கை போனனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

புறப்படும் நாள் வந்தது. சாட்சிக்கு விமலாதேவி ரீச்சர் வந்தார். அந்த ஊரின் சமாதான நீதவான் அவர்தான். ஒரு கையில் முத்திரை, மறுகையில் போன். சுஜீவா முதல்நாளே மனதைக் கல்லாக்கிக்கொண்டுவிட்டாள். "இஞ்சேருங்கோ, சும்மா ஒரு சொல்லுத்தானே. சொல்லிப்போட்டுப் போங்கோ. குலுக்கல் விழுந்தால் நாங்களும் வரலாம். நான் அதைக் காதில வாங்கமாட்டன்." வினுஷாவுக்கு வாயே திறக்கக்கூடாது என்று கட்டளை.

படலையடியில் வான் நின்றது. விமலாதேவி ரீச்சர் போனைத் தூக்கிப் பிடித்து, "ம், சொல்லும் தம்பி" என்றார்.

சிறி சுஜீவாவைப் பார்த்தான். விமானத்தில் வரும்போது முழு வழியும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகியிருந்தான். அதைக் கேட்டுப் பயந்து பக்கத்துச் சீட்டுக்காரர் இடம் மாறி இருந்துவிட்டார்.

"சுஜீவா, நான் போ..."

குனிந்து பெட்டியைத் தூக்கினான். அந்தப் பெட்டி தரையைவிட்டு எழும்பியதுதான் பிழை. அதைக் கண்டதும் வினுஷாவின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"போட்டு வாங்கோ அப்பா!"

"ஓம் பிள்ளை, போட்டு வாறன்" என்றான் சிறி.

வினுஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிறி பெட்டியைக் கீழே போட்டான். "ரீச்சர், அதை அழிச்சுப்போட்டு இன்னொருக்கா..."

"நான் சமாதான நீதவான் தம்பி. பொய்ச்சாட்சி சொல்ல ஏலாது" என்று ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

சுஜீவாவுக்குக் கோபம் வரும் என்று பயந்து பார்த்தான். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. "விடுங்கோ. வாய் பழகினதைத்தானே சொல்லும்" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் சிறி தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். ஒன்பது வருடத்தில் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை ஒரு வாய்ச்சொல்லில் தொலைத்துவிட்டேனே, இனிப் பிள்ளையை எப்போது பார்ப்பேன் என்று முணுமுணுத்தான்.

அவன் வந்து சேர்ந்த அன்றுதான் குலுக்கலும் நடந்து முடிந்திருந்தது. பிரஷாந்தன் ஏற்கெனவே குடியுரிமைக்காரன்; வேறு தகுதி பெற்ற விண்ணப்பதாரர் ஒருவரும் இல்லாததால் பெட்டி வெறுமையாகவே சுழற்றப்பட்டது. "திணைக்களத்தின் வரலாற்றில் இதுவே மிகவும் நியாயமான குலுக்கல்" என்று அறிக்கை வெளியானது. "எவரும் எவரைவிடவும் அதிகம் பெறவில்லை."

கிரெக் மீசாலைப் பதிவைப் போட்டுப் பார்த்தார். மூன்று தரம் பார்த்தார். நாகலட்சுமி மூன்று தரமும் சொல் மாறாமல் மொழிபெயர்த்தாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"மன்னிக்கவும், மிஸ்டர் சிறி. புறப்பாடு முழுமையடையவில்லை. சொல்லப்போனால் நிலைமை மோசமாகியிருக்கிறது. இப்போது இரண்டு பயணங்கள் நடுவில் நிற்கின்றன. அடுத்த குலுக்கலில் சேர நீங்கள் மறுபடியும் போகவேண்டியிருக்கும்."

சிறி மெல்லத் தலையைத் தூக்கினான். "மறுபடியும் போறதோ?"

"தவிர்க்க முடியாது. அனுமதி தருவோம்."

"திரும்பி வரவும்?"

"நிச்சயமாக. வந்தால்தானே பதிவைச் சமர்ப்பிக்கலாம்."

சிறி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தான். பிறகு, கொத்தில் உப்பு சரியா என்று பார்ப்பவனைப் போல, மெதுவாகக் கேட்டான். "அங்கை போய் நான் திரும்பவும் பிழையாச் சொல்லிப்போட்டால்?"

"திரும்பவும் போகவேண்டும். புறப்பாடு முழுமையடையும்வரை. விதியில் இதற்கு எல்லை எதுவும் இல்லை." கிரெக் முன்னால் சாய்ந்து, அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "இது கடுமையானது என்று எனக்குத் தெரியும். ஆனால் திணைக்களம் இந்த விடயத்தில் இரக்கம் காட்டமுடியாது."

நாகலட்சுமி இதை மொழிபெயர்க்கும்போது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறியும் நிலத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"என்ன செய்யிறது சேர்" என்றான் சிறி, முடிந்தவரை சோகமாக. "சட்டம் எண்டால் சட்டம்தானே."

எழுந்து கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்து, கறுப்புப் பெட்டிக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொன்னான்.

"போட்டு வாறன்."

கிரெக் கவலையோடு தலையை ஆட்டினார். பாவம், இந்த மனிதனுக்கு அந்தச் சொல் வாயில் வரவே வராது என்று கோப்பில் குறித்துக்கொண்டார். "சீ யூ லேட்டர்" என்றார். இந்தமுறை அது வெறும் பேச்சு வழக்கு இல்லை.

சிறி தெருவுக்கு வந்ததும் மீசாலைக்குப் போன் எடுத்தான். வினுஷாதான் எடுத்தாள். அன்றைக்கு வாய் திறந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சுஜீவா சொல்லியிருந்தாள்.

"என்னாலதானே அப்பா? என்ன சொன்னவை?"

"அப்பா பெயில் பிள்ளை" என்றான் சிறி. "பொங்கலுக்குத் திரும்பச் சோதினை. வாறன்."